அணைக்குக் கீழே கிரீன் ஆறு

செவ்வாய் இரவு, டச் ஜான்

வெர்னலிலிருந்து நெடுஞ்சாலை 191-ல் வடக்கே மலையேறினால், உச்சியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் பிடித்து நிற்கின்றன. அதைத் தாண்டிச் சிவப்புப் பாறைகளுக்குள் இறங்கியதும், சாலை நேராக ஃபிளேமிங் கார்ஜ் அணையின் தலைமேலேயே போகிறது. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை நீலமாக நீர்த்தேக்கம். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அடிவயிற்றைக் கலக்கும் ஆழத்தில் பச்சைக் கோடாக ஆறு. அந்தக் கோட்டுக்காகத்தான், அதில் ட்ரவுட் மீன் பிடிக்கத்தான் வந்திருக்கிறோம்.

யூட்டா மாநிலத்தின் வடகிழக்கு மூலை இது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் வயோமிங், கிழக்கே போனால் கொலராடோ. கிரீன் ஆறு வயோமிங்கின் விண்ட் ரிவர் மலைகளில் பிறந்து தெற்கே வந்து, யூட்டா பாலைக்குள் கொலராடோ ஆற்றோடு சேர்கிறது. 1869 மே மாதம் ஒற்றைக் கையரான ஜான் வெஸ்லி பவல் மரப்படகுகளில் இந்த வழியாகப் போனபோது, வெயிலில் தீப்பிடித்ததுபோல் நின்ற செம்பாறைகளைப் பார்த்து வைத்த பெயர்தான் ஃபிளேமிங் கார்ஜ். அந்த இடத்தின் அடிவாரம் இப்போது தண்ணீருக்குள்.

அணையின் உயரம் 502 அடி. மெல்லிய வில்வளைவான கான்கிரீட் சுவர். 1963 செப்டம்பர் 27 அன்று ஜனாதிபதி கென்னடி சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் ஒரு விசையை அழுத்த, இங்கே முதல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லேடி பேர்ட் ஜான்சன் வந்து அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நாங்கள் தங்கியிருக்கும் டச் ஜான் ஊரே, அணை கட்ட வந்தவர்களுக்காக 1950-களின் கடைசியில் அரசாங்கம் எழுப்பிய குடியிருப்புதான். ஒரு பெட்ரோல் பங்க், சில மீன்பிடிக் கடைகள், வரிசையாக மரவீடுகள், அவ்வளவுதான் ஊர்.

என்னோடு வந்திருப்பவர் பெரியப்பா மகன், சால்ட் லேக்கில் பல வருடங்களாக இருக்கிறார். எனக்கு ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் திறந்து அணையின் நீர்த் திறப்பைப் பார்த்தார். வினாடிக்கு ஆயிரத்துச் சொச்சம் கன அடி. மேட்டூர் அணைச் செய்தி படித்து வளர்ந்தவனுக்கு இந்த அளவுகோல் அந்நியமில்லை. "ஆயிரம்னா கரையோரமா இறங்கி நிக்கலாம். ரெண்டாயிரத்தைத் தாண்டினா படகுதான்டா" என்றார். எண்ணூறுக்குக் கீழே குறைப்பதில்லை என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மற்றபடி ஆறு எவ்வளவு ஓடும், எந்த நேரத்தில் கூடும் குறையும் என்பதை மின்சாரத் தேவையும், கீழே உள்ளவர்களின் தண்ணீர்க் கணக்கும், சட்டமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

புதன், லிட்டில் ஹோல் நடைபாதை

விடியற்காலையில் கார் கண்ணாடியில் மெல்லிய உறைபனி. மதியத்தில் சட்டைக் கையை மடித்துவிடும் அளவுக்கு வெயில். செப்டம்பர் கடைசியில் இங்கே இப்படித்தான்.

அணைக்குக் கீழே படகு இறக்கும் துறையிலிருந்து லிட்டில் ஹோல் வரை ஏழு மைல் தூரத்துக்கு ஆற்றை ஒட்டியே ஒரு நடைபாதை இருக்கிறது. சில இடங்களில் பாறையில் பலகை அடித்து வழி போட்டிருக்கிறார்கள். இருபுறமும் செங்குத்தான சிவப்புச் சுவர், இடையிடையே பாண்டரோசா பைன், ஜூனிபர் மரங்கள். தண்ணீரின் தெளிவை எப்படிச் சொல்வது? இருபதடி ஆழத்துக் கூழாங்கல்லின் நிறம் கரையிலிருந்து தெரிகிறது. கல்லுக்கு மேலே மீன் தெரிகிறது, மீனின் நிழல் கல்லில் விழுவதும் தெரிகிறது.

இந்தத் தெளிவை உண்டாக்கியது அணை. பழைய கிரீன் ஆறு வண்டலைச் சுமந்துகொண்டு கலங்கலாக ஓடியது. இப்போது அந்த வண்டல் முழுவதும் 91 மைல் நீளமுள்ள நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடுகிறது. வெளியே வருவது வடிகட்டின தண்ணீர். வெயில் அடி வரை இறங்குகிறது, கல்லில் பாசி வளர்கிறது, பாசிக்குள் மிட்ஜ் என்கிற கொசு போன்ற குட்டிப் பூச்சியின் புழுக்களும் ஸ்கட் என்கிற குட்டி இறால் போன்ற உயிர்களும் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அவற்றைத் தின்று ட்ரவுட் கொழுக்கிறது.

இன்னொன்று குளிர். தெர்மாமீட்டரை நூலில் கட்டித் தண்ணீருக்குள் விட்டேன். 12 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டியது. ட்ரவுட்டுக்கு இதைவிட நல்ல வெப்பநிலை கிடையாது. ஆனால் அணை கட்டிய முதல் பதினைந்து வருடங்கள் இப்படி இல்லை. ஏரியின் அடியாழத்திலிருந்தே தண்ணீர் எடுத்ததால் ஆறு வருடம் முழுக்க நான்கு, ஐந்து, ஆறு டிகிரி என்று ஓடியது. குளிர்நீர் மீனான ட்ரவுட்டுக்கே அது தாங்காத குளிர், வளர்ச்சி நின்றுபோனது. 1978-ல் அணையின் உள்வாயில் உயரம் மாற்றக்கூடிய கதவுகளைப் பொருத்தினார்கள். ஏரியின் மேலடுக்கில் இருக்கும் சூடான நீரைத் தேவையான அளவு எடுக்க முடிந்தது, கோடையில் 13 டிகிரி வரை. அதன் பிறகுதான் இந்த ஆறு பேர் வாங்கியது. நான் நிற்கும் இந்தத் தண்ணீரின் சூட்டை ஒருவர் உட்கார்ந்து கதவைத் திருகி வைத்திருக்கிறார் என்பதை நினைக்காமல் இங்கே தூண்டில் போட முடியவில்லை.

நடைபாதை தண்ணீருக்குச் சில அடி மேலே போகிற இடங்களில் ஒரு வசதி உண்டு. ஒருவர் மேலே நின்று மீனைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் கீழே இறங்கி வீசலாம். ஒரு பெரிய பாறையின் விளிம்பில் பிரவுன் ட்ரவுட் ஒன்று நின்றிருந்தது. அண்ணன் மேலே பாறையில் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் மூணடி மேலே போடு. அதுக்கு முன்னாடி விழுந்தா ஓடிரும்."

"காத்து அடிக்குதுண்ணா."

"நிக்கட்டும். அவசரமில்லை, அது எங்கேயும் போகாது."

ஃப்ளை ஃபிஷிங்கைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி, எடையே கிடையாது. அதனால் நூலையே கனமாகச் செய்திருப்பார்கள். கம்பை முன்னும் பின்னும் அசைத்து அந்த நூலைக் காற்றில் விரித்து வீச வேண்டும். பூச்சி தண்ணீரில் விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. நடு ஆற்றின் நீரோட்டம் வேகம், கரையோரம் மெதுவு. நடுவில் கிடக்கும் நூலை வேக ஓட்டம் வளைத்து இழுத்தால் பூச்சி கோடு கிழித்துக்கொண்டு ஓடும். நிஜப் பூச்சி அப்படி ஓடாது என்பது மீனுக்குத் தெரியும். ஆகவே நூல் வளையும் முன்பே கம்பு நுனியால் அதை மேல்நோக்கித் தூக்கிப் போட வேண்டும். மென்ட் செய்வது என்பார்கள். அதைச் சரியாகச் செய்தால் சில விநாடிகள் பூச்சி ஆற்றோடு ஆறாக மிதக்கும். அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் இத்தனை பாடும்.

காற்று நின்றது. வெட்டுக்கிளி மாதிரிக் கட்டிய பொய்ப்பூச்சி போய் விழுந்தது, அதற்குக் கீழே இரண்டடி மெல்லிய நூலில் ஒரு கறுப்புப் பொய் மிட்ஜ் தொங்கியது. பிரவுன் மேலே எழும்பி வெட்டுக்கிளியின் அடிவரை வந்தது, அதன் கீழேயே அதே வேகத்தில் பின்னோக்கி மிதந்தது, பார்த்தது, திரும்பி இறங்கிப் போய்விட்டது. இறங்குகிற வழியில் மிட்ஜைத் தின்றது. அதன் வாய் ஒரு கணம் வெள்ளையாகத் திறந்து மூடியதைப் பார்த்த அண்ணன் மேலிருந்து "அடி!" என்று கத்தினார். வெட்டுக்கிளி அமிழ்ந்ததை நான் பார்க்கும் முன்பே கை தூக்கிவிட்டது.

பதினாறு அங்குலம் இருக்கும். வெண்ணெய் மஞ்சளில் வயிறு, விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். வலையை விட்டு வெளியே எடுக்காமல் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டேன். இங்கே விதியும் அதுதான்: 15 அங்குலத்துக்கும் 22 அங்குலத்துக்கும் இடைப்பட்ட ட்ரவுட் அத்தனையும் திரும்ப ஆற்றுக்கே. உயிர் இரை கூடாது, செயற்கைப் பூச்சியும் லூர் என்கிற செயற்கை இரையும் மட்டும்தான். இந்த விதி இல்லாவிட்டால் அணையும் தெளிந்த நீரும் இருந்தும் இப்படி மீன் இருக்காது.

எங்கள் ஊர்ப்பக்கம் நீலகிரியிலும் வெள்ளைக்காரர்கள் ட்ரவுட் கொண்டுவந்து விட்டார்கள், அவலாஞ்சியில் 1907-லேயே பொரிப்பகம் வைத்து. அங்கே சின்ன வயதில் தொட்டிக்குள் பார்த்த மீனின் இனம்தான் இங்குள்ள ரெயின்போ ட்ரவுட்டும். இங்கும் அது வந்த மீனே. ரெயின்போ பசிபிக் கரையோர ஆறுகளிலிருந்து வந்தது, பிரவுன் ஐரோப்பாவிலிருந்து.

வியாழன், படகில்

இன்று ஒரு வழிகாட்டியோடு டிரிஃப்ட் படகில் அணையடியிலிருந்து லிட்டில் ஹோல் வரை போனோம். நடுவில் அவர் துடுப்புப் போட, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஆற்றில் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றக் கூடாது. ஆறு அவ்வளவு முரடில்லை என்றாலும் பாறைகளுக்கு நடுவே சில வேகமான இறக்கங்கள் இருக்கின்றன.

வழிகாட்டி முதலில் கட்டிக்கொடுத்தது செர்னோபில் ஆன்ட். கறுப்பு ஃபோம் துண்டில் ரப்பர் கால்கள் வைத்த, எந்தப் பூச்சியையும் சரியாக ஒத்திராத ஒரு உருவம். இது பிறந்ததே இந்த ஆற்றில்தான், இங்குள்ள வழிகாட்டிகள் கையில். இன்று உலகம் முழுக்க ட்ரவுட் ஆறுகளில் இதன் வம்சம் மிதக்கிறது. மே கடைசி, ஜூனில் மரங்களிலிருந்து சில்வண்டுகள் தண்ணீரில் விழும்போது இது பிரமாதமாக வேலை செய்யும் என்றார். செப்டம்பரில் வெட்டுக்கிளியும் எறும்பும் விழுகிற காலம் என்பதால் இப்போதும் எடுபடுகிறது. காலையில் கரையை ஒட்டி வீசிக்கொண்டே போனதில் இரண்டு பேருக்குமே நல்ல மீன்கள் கிடைத்தன. ஒரு ரெயின்போ மூன்று முறை தண்ணீரை விட்டுத் துள்ளியது.

இரண்டு மணி வாக்கில் தெற்கே யுயின்டா மலைப்பக்கமிருந்து மேகம் திரண்டு பள்ளத்தாக்கை மூடியது. வெளிச்சம் மங்கியதும் வழிகாட்டி படகை ஒரு சுழலோரம் ஒதுக்கி நங்கூரம் போட்டுவிட்டு, "இப்போது பாருங்கள்" என்றார்.

முதலில் ஒன்று, இரண்டு. பிறகு நீர்ப்பரப்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் குட்டிப் படகுப் பாய்கள் விரித்தது போல மேஃப்ளைகள். புளூ விங்டு ஆலிவ் என்று பெயர், அரிசி நீளம்கூட இருக்காது. புழுவாக அடியில் வாழ்ந்தது தண்ணீர்மேல் வந்து, தோலை உரித்து, சிறகை உலர்த்திக்கொண்டு பறக்க வேண்டும். வெயில் இல்லாத, ஈரக்காற்று உள்ள நாளில் சிறகு உலர நேரமாகும். அதுவரை அவை தண்ணீரிலேயே மிதந்து போகின்றன. ட்ரவுட்டுக்கு அதுதான் விருந்து. சுழல் முழுவதும் மூக்குகள். பெரிய மீன்தான் சின்னதாக மூக்கை நீட்டும். சத்தமே இல்லாமல் ஒரு வளையம் மட்டும் விரியும்.

இருபதாம் எண் குட்டி முள், மிக மெல்லிய 6எக்ஸ் நூல். செர்னோபில் ஆன்ட்டை வீசியதுபோல் இதை வீச முடியாது. ஒரே மீனைத் தேர்ந்துகொண்டு, அது மூக்கை நீட்டும் தாளத்தைக் கவனித்து, அடுத்த முறை எழும்புவதற்குச் சற்று முன்னால் பூச்சி அங்கே போய்ச் சேர வேண்டும். அண்ணன் அதில் கைதேர்ந்தவர். அவர் வீசுவதைப் பார்த்துக்கொண்டு நான் என் கம்பைக் கீழே வைத்துவிட்டேன். மழை தூறத் தொடங்கியும் யாரும் நகரவில்லை.

படகில் வழிகாட்டி சொன்ன ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை பூச்சி இருந்தாலும் வகை குறைவு என்றார். அணை இல்லாத மேற்கத்திய ஆற்றில் பல வகை மேஃப்ளை, பெரிய ஸ்டோன்ஃப்ளை எல்லாம் முறைவைத்து வரும். இங்கே வெப்பநிலை வருடம் முழுக்கக் குறுகிய எல்லைக்குள் அடங்கிவிட்டதால், குளிர்ந்து சூடாவதை அடையாளமாக வைத்து வாழ்ந்த இனங்கள் போய்விட்டன. தாக்குப்பிடித்த சில வகைகள் மட்டும் கணக்கில்லாமல் பெருகியிருக்கின்றன.

வசந்தகால வெள்ளத் திறப்பைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். மே, ஜூனில் கீழே உள்ள நாட்டு மீன்களுக்காக அணையிலிருந்து பெருக்கு விடுகிறார்கள். 2006-ல் எடுத்த முடிவின்படி நடப்பது இது. அந்த வாரங்களில் ஆறு மடங்குக்கணக்கில் ஏறிவிடும், சில்வண்டு சீசனின் நடுவில். அவருடைய வருமானத்துக்கு நேரடி அடி. "எரிச்சலாக இருக்கும்தான். ஆனால் அந்த மீன்கள் நமக்கு முன்னால் வந்தவை" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ட்ரவுட் பிடிக்கிற நாங்கள்தான் அந்தத் திறப்புக்கு முதலில் கைதூக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதை நாளை கீழே பிரவுன்ஸ் பார்க் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டு எழுதுகிறேன். வெளியே இடி, தகரக் கூரையில் நல்ல மழை.

வெள்ளி, ரெட் கிரீக்கும் பிரவுன்ஸ் பார்க்கும்

லிட்டில் ஹோலுக்குக் கீழே வருவது ஆற்றின் இரண்டாம் பகுதி. பள்ளத்தாக்கு விரிகிறது, கூட்டம் குறைகிறது. அங்கே வடக்கிலிருந்து ரெட் கிரீக் என்ற ஓடை வந்து சேர்கிறது. சாதாரண நாளில் பாதி வறண்டு கிடக்கும். மழை பெய்தால் வயோமிங் பக்கத்துச் செம்மண்ணை வழித்துக்கொண்டு வரும். மீன்பிடிக்க வருபவர்கள் வானத்தைப் பார்த்துப் பயப்படுவது இந்த ஓடைக்காகத்தான்.

இன்று அப்படித்தான் இருந்தது. மேலே நாங்கள் வந்த ஆறு பச்சைக் கண்ணாடி. ஓடை சேரும் இடத்தில் இடது கரையோரமாகச் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை கிளம்பி, கொஞ்ச தூரம் பச்சையோடு கலக்காமல் பக்கத்தில் ஓடி, கீழே ரெட் கிரீக் அருவிப்பகுதியில் கல்லில் மோதிக் கலந்து, அதற்குப் பிறகு மொத்த ஆறும் சிவப்பு. தண்ணீரில் கையை விட்டால் மணிக்கட்டு தெரியவில்லை. அங்கே தூண்டில் போட வழியில்லை, மேலே வந்திருந்த இரண்டு படகுக்காரர்களும் முகம் சுளித்துக்கொண்டே கடந்து போனார்கள்.

எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. அணைக்கு முன்னால் ஆறு முழுவதும் ஓடியது இந்த மாதிரித் தண்ணீர். இந்தக் கலங்கலுக்குள் வாழவே உருவான மீன்கள் இருந்தன. கொலராடோ பைக்மின்னோ ஆறடி வரை வளரக்கூடியது, வட அமெரிக்காவின் மிகப் பெரிய மின்னோ இனம். நம் கெண்டைக்குத் தூரத்து உறவு. பழைய குடியேறிகள் அதை வெள்ளை சால்மன் என்று சொல்லிப் பிடித்துச் சாப்பிட்டார்கள். ரேசர்பேக் சக்கர் முதுகில் கத்தி வைத்தது போன்ற எலும்பு மேடு உள்ளது, வெள்ள வேகத்தில் அடித்தரையோடு ஒட்டி நிற்பதற்கு. ஹம்ப்பேக் சப், போனிடெய்ல் என இன்னும் இரண்டு. உலகத்தில் கொலராடோ ஆற்றுப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனங்கள் இவை.

அணை மட்டும் அவற்றைக் குறைக்கவில்லை. 1962 செப்டம்பரில், கதவுகளை மூடுவதற்குச் சற்று முன்னால், கிரீன் ஆற்றிலும் அதன் கிளைகளிலுமாகச் சுமார் 450 மைல் தூரத்துக்கு ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்தை ஊற்றினார்கள். மாநில மீன்துறைகளும் மத்திய அரசும் சேர்ந்து செய்தது. புதிய ஏரியில் ட்ரவுட் விடப்போகிறோம், அதற்குப் போட்டியாகப் 'பயனற்ற மீன்கள்' இருக்கக்கூடாது என்பது காரணம். பயனற்றவை என்று அவர்கள் சொன்னதில் நாட்டு மீன்களும் அடக்கம். விஷம் கீழே டைனோசர் தேசிய நினைவுப் பூங்காவுக்குள் போய்விடாமல் தடுக்க, பிரவுன்ஸ் பார்க் பாலத்தருகே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொட்டி முறிக்கப் பார்த்தார்கள். முழுவதும் முறியவில்லை, பூங்காவுக்குள்ளும் மீன்கள் செத்தன. எதிர்ப்பு கிளம்பி, உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் யூடால் இனிமேல் இப்படிச் செய்யும் முன் அழியும் ஆபத்திலுள்ள இனங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கொலராடோ பைக்மின்னோவும் ஹம்ப்பேக் சப்பும் 1967-லேயே அருகிவரும் இனங்களின் முதல் பட்டியலில் ஏறின.

முந்தாநாள் வலையில் பார்த்த அந்த அழகான மீனின் இடம் இப்படிக் காலி செய்யப்பட்ட இடம். ட்ரவுட்டின் மேல் எனக்குக் கோபமில்லை, அது பாட்டுக்கு வாழ்கிறது. அணையை இடிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் சில வாரங்கள் எங்கள் வசதியைக் கெடுத்து ஆற்றை ஏற்றிவிட்டால் கீழே ரேசர்பேக் குஞ்சுகள் பிழைக்கும் என்றால், அதை மறுக்கிற உரிமை எங்களுக்குக் கிடையாது. குஞ்சுகள் பொரித்து ஆற்றில் மிதந்து வருவதைக் கண்காணித்து, அவை தெரிந்த பிறகே பெருக்கைத் திறக்கிறார்கள். வெள்ளம் கரையோரத் தாழ்நிலங்களில் ஏறினால்தான் குஞ்சுகள் அந்தத் தேங்கிய வெதுவெதுப்பான நீருக்குள் ஒதுங்கி வளர முடியும்.

மதியம் பிரவுன்ஸ் பார்க்கில் ஜான் ஜார்வி பண்ணையைப் பார்த்தோம். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், 1880-ல் இங்கே ஆற்றங்கரையில் கடை போட்டார், ஓடம் நடத்தினார். புட்ச் காசிடி போன்ற கொள்ளையர்கள் ஒளிந்து திரிந்த பள்ளத்தாக்கு இது. கல்வீடும் நிலவறையும் நீர்ச்சக்கரமும் இன்னும் இருக்கின்றன. 1909-ல் அவரைக் கொன்றவர்கள் உடலைப் படகில் கிடத்தி ஆற்றில் தள்ளிவிட்டார்கள். முன்வாசலில் நின்றால் இன்று ஆறு செக்கச் செவேல் என்று ஓடியது. அவர் பார்த்த ஆறு இந்த நிறத்தில்தான் இருந்திருக்கும்.

சனி

காற்று. நாள் பூராவும் பள்ளத்தாக்கு வழியாக ஊதித் தள்ளியது, நூலை விரிக்க முடியவில்லை. சாயங்காலம் சற்று அடங்கியதும் அணைக்குக் கீழே ஸ்ட்ரீமர் போட்டோம். அது குட்டி மீன் மாதிரிக் கட்டிய நீளமான பொய்ப்பூச்சி. பிரவுன் ட்ரவுட் அக்டோபர் கடைசி, நவம்பரில் முட்டையிடும். அதற்கு முந்தைய இந்த வாரங்களில் ஆண் மீன்கள் சண்டைக்கோழியாகிவிடுகின்றன, பசியில்லாமலே எதையும் விரட்டிக் கடிக்கும். அண்ணனுக்குத் தாடை வளைந்த பெரியது ஒன்று கிடைத்தது. இருட்டில் படம் சரியாக வரவில்லை.

நவம்பரில் வருகிறவர்களுக்கு: பாசியில்லாமல் வெளுப்பாகத் தெரியும் கூழாங்கல் திட்டுகளில் கால் வைக்காதீர்கள். அவை முட்டைக் குழிகள். அணை மேலிருந்து வரும் கல்லையும் நிறுத்திவிடுவதால் முட்டையிட ஏற்ற கூழாங்கல் இங்கே அளவோடுதான் இருக்கிறது.

பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக் காயப் போட்டாயிற்று. நியூசிலாந்து மட்ஸ்னெயில் என்ற கடுகளவு நத்தை 2001-லிருந்தே இந்த ஆற்றில் இருக்கிறது. ஈரமான பூட்ஸோடு அடுத்த ஆற்றுக்குப் போனால் அதுவும் கூடவே வந்துவிடும்.

ஞாயிறு, ஸ்பிளிட் மவுண்டன்

வீட்டுக்குப் போகிற வழியில் வெர்னலைத் தாண்டிக் கிழக்கே திரும்பி, டைனோசர் பூங்காவுக்குள் ஸ்பிளிட் மவுண்டன் படகுத்துறைக்குப் போனோம். டைனோசர் எலும்புகளைப் பாறையோடு அப்படியே விட்டுவைத்திருக்கும் கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. அதையும் பார்த்தோம். ஆனால் நான் வரச் சொன்னது ஆற்றுக்காக.

பிரவுன்ஸ் பார்க்குக்குக் கீழே லோடோர் பள்ளத்தாக்கைத் தாண்டி, எக்கோ பார்க் என்ற இடத்தில் கிரீன் ஆற்றோடு யாம்பா ஆறு சேர்கிறது. கொலராடோ படுகையின் பெரிய கிளையாறுகளில் அணைகள் அதிகம் கட்டுப்படுத்தாமல் விட்டது அது ஒன்றுதான். எக்கோ பார்க்கிலேயே ஓர் அணை கட்டத் திட்டம் இருந்தது. தேசியப் பூங்கா நிலத்துக்குள் அணை கூடாது என்று நாடு தழுவிய போராட்டம் நடந்து, 1956-ல் வந்த சட்டத்திலிருந்து அது நீக்கப்பட்டது. அதே சட்டம் ஃபிளேமிங் கார்ஜ், கிளென் கேன்யன் அணைகளை அனுமதித்தது. யாம்பா தப்பியது, மேலே உள்ள கிரீன் தப்பவில்லை.

இந்தப் பருவத்தில் யாம்பா மெலிந்துபோய் இருக்கும். அதன் வெள்ளமெல்லாம் பனி உருகும் மே, ஜூனில். ஆகவே படகுத்துறையில் நாங்கள் பார்த்ததில் பெரும்பங்கு அணையிலிருந்து வந்த தண்ணீர்தான். அதற்குள் அது மாறிவிட்டிருந்தது. பால் ஊற்றிய டீ நிறம், கரையில் வழுக்கும் வண்டல், தெர்மாமீட்டரில் 16 டிகிரி. இங்கே ட்ரவுட் கிடையாது. இதற்குக் கீழே ஜென்சன், யூரே என்ற ஊர்கள் பக்கம்தான் ரேசர்பேக் முட்டையிடுவதும், குஞ்சுகள் ஒதுங்கும் தாழ்நிலங்களும். யூரேயில் அந்த மீன்களை வளர்த்து ஆற்றில் விடும் அரசுப் பொரிப்பகமும் இருக்கிறது. அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆற்றில் முழங்கை வரை விட்டுப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் வர்றேன், இதுவரைக்கும் வந்ததில்லடா."

"மே கடைசியில வரலாமாண்ணா? பெருக்குத் திறக்கிற வாரத்துல?"

"மீன் பிடிக்க முடியாதே."

"பிடிக்க வேண்டாம், பாக்கலாம்."

யோசித்துவிட்டு, சரி என்றார். அணையின் நீர்த்திறப்புத் திட்டத்தை அதை நடத்தும் மத்திய அரசுத் துறையான ப்யூரோ ஆஃப் ரெக்ளமேஷன் வசந்தத்தில் பொதுக்கூட்டம் போட்டு விவாதிக்கும். பனி எவ்வளவு பெய்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தேதி தள்ளிப்போகும், வறட்சியானால் பெருக்கு சின்னதாகவும் இருக்கும். குஞ்சுகள் தெரிகின்றன என்று செய்தி வந்ததும் அண்ணன் லீவு எடுப்பார். ஜென்சன் பாலத்தருகே நின்று பார்ப்பதா, யூரே வரை போவதா என்பது அப்புறம்.